டன்லி ஹாலுக்கு எல்லையம்மாவை அழைத்துப் போனேன்

திருவள்ளூர் ரயிலடியில் இறங்கி, "டன்லி ஹால் பக்கம் போகணும்" என்று நான் சொன்னதுதான் தாமதம், ரிக்‌ஷாக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

"அந்தப் பேர இனிமே சொல்லாதம்மா. வெள்ளக்காரன் பேரு. எட்த்தாச்சு" என்றார் ஒருவர்.

"எட்த்தா இன்னா? புதுப் பேரு இன்னான்னு நீ சொல்லேன் பாக்கலாம்" என்றார் இன்னொருவர்.

"மந்திரி வந்து தெறப்பாரு. அப்பத் தெரியும்."

"அதுவரிக்கும் சவாரிய எங்க எறக்குவே? ஆகாசத்துலயா?"

பினாங்கிலிருந்து கப்பலில் வந்த அலுப்பு ஒரு பக்கம், மெட்ராஸில் மாறி ஏறிய ரயிலின் கரி கண்ணில் விழுந்த எரிச்சல் ஒரு பக்கம். பொறுமை எனக்கு எப்போதுமே பற்றாக்குறைதான். "ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டு வாங்க, நான் நடந்தே போறேன்" என்று பெட்டியைத் தூக்கினேன். உடனே இருவரும் ஒற்றுமையாக வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் என்னை ஒருவர் வண்டியிலும் பெட்டியை இன்னொருவர் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் வண்டிக்கு வண்டி வாக்குவாதம் பண்ணிக்கொண்டே போனார்கள். தம்பி வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே எனக்கு ஊர் விஷயம் பூராவும் தெரிந்துவிட்டது.

அது எழுபதுகளின் தொடக்கம். மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு என்று மாறிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் ஊர் ஊராக வெள்ளைக்காரன் பெயர்களைத் துடைக்கக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் பினாங்கிலும் சுதந்திரத்துக்குப் பிறகு பெயர்கள் மாறின. ஆனால் அதற்காக எவரும் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை. திருவள்ளூரில் பார்த்தேன்.

நான் வந்தது பெயர் பார்க்க இல்லை, கல்யாணத்துக்கு. என் தம்பி ஏழுமலையின் மகள் தனம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு இரும்பு ஆலையில் டெலிபோன் பார்க்கிறவள். அங்கேயே ஃபிட்டராக இருக்கும் கோதண்டத்தின் மேல் ஆசைப்பட்டுவிட்டாள். பையன் காயல் ஓரத்துக் குப்பம், மீன்பிடிக்கிற குடும்பம். தம்பி மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். நான்தான் பினாங்கில் இருந்துகொண்டே அவனை விரட்டி விரட்டிச் சம்மதிக்க வைத்தேன். அதனால் இந்தக் கல்யாணத்தில் ஒரு குறை என்றால் அது என் தலையில்தான் விடியும். கல்யாணம் நடக்கப்போவதும் அதே டன்லி ஹாலில்தான்.

மறுநாள் காலை ஹாலைப் பார்க்கப் போனேன். சிவப்புச் செங்கல் கட்டடம், தலைக்கு மேல் மணிக்கூண்டு. பஸ் நிற்பது அதன் எதிரே, கூட்டம் போடுவது அதன் முன்னே, கோர்ட்டுக்கு வந்தவர்கள் கட்டுச்சோறு பிரிப்பது அதன் நிழலில். ஊரில் யாரை வழி கேட்டாலும் "ஆலாண்ட போயி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முகப்பில் சிமெண்டில் புடைத்து நின்ற எழுத்துகளைக் கொத்தி எடுத்துவிட்டு, அந்த இடத்தை மறைத்துப் பெரிய பச்சைத் துணி ஒன்று கட்டியிருந்தார்கள். துணிக்குக் கீழே ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குங்க காவல்?" என்று கேட்டேன்.

"எவனாவது துணியத் தூக்கிப் பாத்துடுவாம்மா" என்றார் அவர், சிரிக்காமல்.

எதிரே இருந்த ஹோட்டலில் உட்கார்ந்தேன். இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். அடடா! எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு நான் விசுவாசி, என் கடையில் அதை விற்றுத்தான் வயிறு வளர்க்கிறேன். இருந்தாலும் அந்த வடகறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பரிமாறியவர், "நாஷ்டா போதுமா, இன்னும் வெக்கட்டா?" என்றார். "பசியாறியாச்சு" என்று எங்கள் வழக்கத்தில் சொன்னேன். அடுத்த மேஜைக்காரர் அதைச் சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். மதியத்துக்குள் நான் அந்தத் தெருவுக்கே 'பெனாங்கம்மா' ஆகிவிட்டேன்.

பேச்செல்லாம் பெயரைப் பற்றித்தான். ஜெயிலுக்குப் போன தியாகி ஒருவர் பெயர் என்றது ஒரு கூட்டம். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர் பெயர் என்றது இன்னொரு கூட்டம். சலூனுக்குள்ளிருந்து ஒருவர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடி வந்து, "தியாகி பேரு இல்லாங்காட்டி நானு இந்த மீசய எடுத்துடறேன்" என்று கத்தினார். சவரக்காரர் கத்தியோடு பின்னால் வந்து, "மீசய அப்பால எடு, மொதல்ல மீதித் தாடிய எடுக்க வா நைனா" என்று இழுத்துக்கொண்டு போனார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சரி, அந்த டன்லி யார்? அதையும் விசாரித்தேன். கலெக்டர் என்றார் ஒருவர். ரயில் பாதை போட்ட என்ஜினீயர் என்றார் ஒருவர். வெற்றிலைக் கடை அம்மாள் என் காதோடு, "தொர வளத்த நாயி பேருன்னு சொல்லுவாங்கோ" என்றாள். இத்தனை காலம் அந்தப் பெயரைச் சொல்லியே பிழைத்த ஊருக்கு அவர் மனிதரா நாயா என்பதுகூட நிச்சயமில்லை. போகட்டும், இனி அவருக்கு இங்கே வேலை இல்லை.

அன்று மாலை தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். மந்திரி வரும் நாள் தள்ளிப்போய், எங்கள் கல்யாண நாளிலேயே வந்து நின்றுவிட்டதாம். நகராட்சி சேர்மனிடம் போய் முறையிட்டிருக்கிறான். அவரோ, "உள்ள கல்யாணம் உங்களுது, வெளிய கல்யாணம் எங்களுது. யாரும் யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் இரண்டு கல்யாணம் பார்க்கக் கிடைத்தால் கசக்கிறதா என்ன?

கசந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் ஹால் வாசலில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாகம்மா, ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். மேளம் முழங்க நான் ஆரத்தித் தட்டோடு நிற்கிறேன். அவள் படியில் ஒரு கால் வைத்தாள், தலையை நிமிர்த்தினாள், வைத்த காலை எடுத்துவிட்டாள்.

"எழுத்து எங்க?" என்றாள்.

"புதுப் பேரு வைக்கிறாங்க சம்மந்தி. நாளைக்கு மந்திரி தெறக்கிறாரு" என்றான் தம்பி.

"இன்னா பேரு?"

"அது யாருக்கும் தெரியாது."

நாகம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேளக்காரர்கள் நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள்.

"மொதோ பத்திரிக எங்க எல்லையம்மாவுக்கு" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "அவ காலாண்ட வெச்சி, படிச்சிக் காட்டி, எடத்தச் சொல்லி, வாம்மான்னு கூப்ட்டுட்டுத்தான் மனுசாளுக்கு வெப்போம். டன்லி ஆலுன்னு சொல்லிக் கூப்ட்டுட்டு வந்தேன். இப்ப அந்தப் பேர்ல எடமே இல்லியே. அம்மா எங்கன்னு தேடுவா? யாரக் கேட்டாலும் அந்தப் பேரு எட்த்தாச்சுன்னு சொல்லுவாங்கோ. திரும்பிப் பூடுவா."

"சாமிக்குத் தெரியாதா சம்மந்தி?" என்றான் தம்பி.

"தெரியும்னா இன்னாத்துக்கு பத்திரிக வெக்கிறது?"

அம்மா வராமல் தாலி ஏறாது என்று அவள் முடித்துவிட்டாள். கோதண்டம் தாயின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மாடி ஜன்னலிலிருந்து தனம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாகம்மாவின் கையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"எங்க பொண்ணு புடிக்கலைன்னா நேராச் சொல்லுங்க. சாமியை எதுக்கு இழுக்கறீங்க?" என்று வெடித்தேன்.

அவள் கோபப்படவில்லை. "பொண்ணு தங்கமாட்டம் கீது. எனக்கு எம்புள்ள வோணும் சம்மந்தியம்மா, அவ்ளோதான்" என்றாள். "எங்கல்யாணத்துல ஆலமரத்தாண்ட பந்தல்னு அம்மாகிட்ட சொன்னாங்கோ. மழ கொட்டிச்சி. பந்தலப் பிரிச்சி எங்க நைனா ஊட்டாண்ட போட்டாங்கோ. மறுக்கா போயி யாரும் சொல்லல. அம்மா ஆலமரத்தாண்ட வந்து நின்னுட்டுப் பூட்டா. இவன் என் வயித்துல கீறான், அவரு வல எட்த்துக்கினு காயலுக்குப் போனாரு. தோணி மட்டும்தான் வந்துச்சி."

பிடித்திருந்த அவள் கையை விட்டேன். நம்புகிறேனா இல்லையா என்ற கேள்வியெல்லாம் அப்புறம். அந்தப் பெண் பயப்படுவது மகனின் உயிருக்கு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன வழக்காடுவது?

"மறுபடி போய்ச் சொன்னா வருவாங்களா?" என்றேன்.

"வருவா. ஆனா யாரு போறது? நாங்கோ கரயேறினதும் காப்புக் கட்டிக்கினோம், உங்க ஊட்லயும் கட்டியாச்சு, இனிமே தண்ணி தாண்டக் கூடாது. மண்டபம் பாத்தது நீங்கோ. பொண்ணு ஊட்டு ஆளுதான் சொல்லணும்."

பெண் வீட்டு ஆளாகவும் இருக்க வேண்டும், காப்புக்குக் கட்டுப்படாத ஆளாகவும் இருக்க வேண்டும். வேறு குடும்பத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்ட அத்தை ஒருத்திதான் அப்படி இருக்க முடியும். ஆரத்தித் தட்டைத் தம்பி மனைவி கையில் கொடுத்தேன்.

முதலில் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டுமே. நேரே சேர்மன் வீட்டுக்குப் போனேன். அவர் பனியனோடு உட்கார்ந்து வரவேற்புரை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் சொல்லுங்க, நான் மனுஷங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன்.

"யார்கிட்டச் சொல்லுவீங்க?"

"எல்லையம்மாகிட்ட."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கிப் பேரு வெளிய வந்துச்சுன்னா, புடிக்காதவன் ராத்திரியே வந்து எழுத்தப் பேத்துடுவான். எனக்கு இதால தூக்கமே இல்ல, ஒரே பேஜாரு. நீங்க வேற சாமிய இட்டாறீங்களே" என்று கும்பிட்டார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அவர் கண்ணெல்லாம் சிவந்து கிடந்ததைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

பெயர் இல்லாமலே பஸ் ஏறினேன். பெயர் தெரியாத ஊருக்கெல்லாம் மனிதர்கள் வழி கேட்டுப் போவதில்லையா? அடையாளம் சொல்லி அழைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது ஆலையில் ஷிப்ட் விட்டிருந்தது. புகைபோக்கிகளைப் பார்த்ததும் பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் பட்டர்வொர்த்து ஈய ஆலை ஞாபகம் வந்தது. அங்கே வேலை விட்டு வருகிறவர்கள் பேசாமல் சைக்கிளில் போய்விடுவார்கள். இங்கே டீக்கடையை மொய்த்துக்கொண்டு ஒரே இரைச்சல். நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் ஒருவர் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "திருவள்ளூரா? துணிய எட்த்துட்டாங்களா?" என்றார். எந்தப் பெயர் வரும் என்று மசால் வடை பந்தயமாம். அவ்வளவு தூரத்திலும் அந்தப் பச்சைத் துணிதான் பேச்சு. எனக்கு ஒரு வடையும் பொறை பிஸ்கட்டும் கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றார் கடைக்காரர். தனம் பேரைச் சொன்னேன், "டெலிபோன் பொண்ணு அத்தையா நீங்கோ!" என்று இன்னொரு வடை வந்தது.

ஆரம்பாக்கம் வரை ஒரு வண்டி, காயல் ஓரம் வரை இன்னொரு வண்டி, அங்கிருந்து தோணி. வெயில் சாய்ந்த நேரத்தில் காயல் முழுக்கத் தகதகவென்று இருந்தது. கடலைத் தாண்டி வந்தவள்தான் நான், ஆனாலும் முழங்கால் ஆழத் தண்ணீரில் கோலை ஊன்றி ஊன்றிப் போகும் அந்தச் சவாரியில் குழந்தை மாதிரி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லையம்மா கோயில் ஒரு ஓலைக் கொட்டகை. உள்ளே மஞ்சள் பூசிய கல், வேப்பிலை, ஒரு விளக்கு. பூசாரியும் மீன்பிடிக்கிறவர்தான், வலையைக் காயப்போட்டுவிட்டு ஈரக்கையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, பத்திரிகயப் படி. எடத்தோட புதுப் பேரு இன்னா?"

"பேரு தெரியாது. செவப்புக் கட்டடம், மேல மணிக்கூண்டு, எதிர்ல பஸ் நிக்கும்னு சொல்லுங்க."

பூசாரி தலையை ஆட்டினார். "அப்டில்லாம் கூப்ட்டா வரமாட்டா. இவ இந்தத் தண்ணியத் தாண்டி ஒரு நாளும் போனவ இல்ல. பஸ் ஸ்டாண்டு, மணிக்கூண்டுன்னா அவளுக்கு இன்னா தெரியும்?"

அவ்வளவுதான், காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. பூசாரியை விட்டுவிட்டு அந்தக் கல்லைப் பார்த்தே கேட்டேன். "ஏம்மா, நான் அவ்ளோ பெரிய கடலைத் தாண்டி வந்திருக்கேன். நீ இந்தக் காயலைத் தாண்ட மாட்டியா? ஒரு தடவை ஆலமரத்துக்கிட்ட நின்னுட்டுத் திரும்பிப் போனியே, அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் அழறா. வழி தெரியலைன்னா என்ன, வாய் இல்லையா எனக்கு? கிளம்பு, நானே கூட்டிட்டுப் போறேன்!"

வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். நான் பேசியது எனக்கே உறைத்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கும்போது பூசாரி பகபகவென்று சிரித்துவிட்டார்.

"எங்களாண்ட யாரும் அவள இப்டி அதட்னது இல்லம்மா. அவளே பயந்துக்கினு வந்துடுவா போல கீது. இட்டுக்கினு போ."

அன்று இரவு பூசாரி வீட்டில் மடவை மீன் குழம்பு. சாமியைத் தூக்கப்போகிறவள் மீன் சாப்பிடலாமா என்று தயங்கினேன். "அவ மட்டும் இன்னாத்தத் துன்றா?" என்று பூசாரி மனைவி இன்னும் ஒரு துண்டு போட்டாள். அதற்கு மேல் நான் தயங்கவில்லை.

விடிந்ததும் குளித்து ஈரப் புடவையோடு நின்றேன். பித்தளைச் சொம்பில் காயல் தண்ணீர், மஞ்சள், சொம்பின் வாயில் வேப்பிலைக் கொத்து. அதுதான் அம்மா. "போய்ச் சேர்ற வரிக்கும் கீழ வெக்கக் கூடாது. தண்ணி தளும்பிக் கொட்டக் கூடாது. அவ்ளோதான்" என்று கையில் கொடுத்தார் பூசாரி. அவ்வளவுதானாம்! இந்த நாட்டுச் சாலைகளில்!

தோணியில் தளும்பவில்லை. வண்டியில் தளும்பவில்லை. கும்மிடிப்பூண்டியில் திருவள்ளூர் பஸ் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. "நிறுத்துங்கய்யா!" என்று நான் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக்கை மிதித்தே விட்டார். உள்ளே நெரிசல். வேப்பிலையைப் பார்த்ததும் முன் சீட்டில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மாகிட்ட டப்பு வாங்கினா எம்பொண்டாட்டி எனக்குச் சோறு போடமாட்டா" என்று விசில் ஊதிவிட்டார். பஸ் முழுக்க விஷயம் பரவியது. குப்பத்தை விட்டு நகராத எல்லையம்மா கல்யாணத்துக்குப் போகிறாள்! ஒரு பெண் தன் தலையில் இருந்த பூவை எடுத்துச் சொம்பில் சுற்றினாள். பெரியபாளையத்தில் பஸ் நின்றபோது, "அக்கா ஊட்டு வழியா தங்கச்சி போறா, சொல்லிக்கினு போ தாயீ" என்று அந்த ஊர் அம்மன் கோயில் பக்கம் பார்த்து எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் புஸ்ஸென்று புகை விட்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்துவிட்டு, "யார்னா தண்ணி வெச்சிக்கீறீங்களா?" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை கண்ணும் என் மடிக்கு வந்தன.

"இது அம்மா!" என்று அலறினேன்.

"ஐயோ, நானு கேக்கலம்மா, கேக்கவே இல்ல!" என்று டிரைவர் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்.

முகூர்த்தம் உச்சிக்குள் முடிய வேண்டும். வெயில் ஏறிக்கொண்டே போகிறது. கை மரத்துப்போய்விட்டது, சொம்பைக் கீழே வைக்கவும் முடியாது. நடுரோட்டில் நின்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் பின்னால் ஒரு லாரி வந்தது, முழுக்கக் கொடியும் கோஷமுமாக. திறப்பு விழாவுக்குப் போகிற தியாகி கட்சிக்காரர்கள். கண்டக்டர் ரோட்டின் குறுக்கே கையை விரித்து நின்று அதை மறித்தார். டிரைவர் பக்கத்தில் இருந்தவர் இறங்கி எனக்கு இடம் விட்டு, கதவில் தொற்றிக்கொண்டார்.

"மெதுவாப் போங்கப்பா, தளும்பும்" என்றேன்.

"மெதுவாப் போனா மந்திரி பூடுவாரும்மா!"

"வேகமாப் போனா அம்மா பூடுவா!"

டிரைவர் பாவம், பள்ளம் கண்ட இடத்தில் ஊர்ந்தார், ரோடு நன்றாக இருந்த இடத்தில் பறந்தார். மேலே கோஷம் போட்டவர்கள் பள்ளம் வரும்போதெல்லாம் கோஷத்தை நிறுத்திவிட்டு, "தளும்பிச்சா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்.

திருவள்ளூரில் ஹாலைச் சுற்றி ஊசி விழ இடமில்லை. மந்திரியும் அப்போதுதான் வந்திருந்தார். ஒலிபெருக்கி, வாணவெடி, மாலை, தள்ளுமுள்ளு. இந்தப் பக்கம் தியாகி கட்சி, அந்தப் பக்கம் நிலக்கொடை கட்சி, நடுவில் போலீஸ். லாரியிலிருந்து இறங்கி இரண்டு கையாலும் சொம்பைத் தலைக்கு மேல் தூக்கினேன். என் முன்னால் இருந்தவர் திரும்பினார், வேப்பிலையைப் பார்த்தார், ஒதுங்கினார். அவர் பக்கத்தில் இருந்தவரும் ஒதுங்கினார். எவர் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. "அம்மா வர்றா, வழி உடு" என்ற குரல் எனக்கு முன்னால் ஓடியது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அதே போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஐயர் கையில் பஞ்சாங்கத்தோடு தவித்துக்கொண்டிருந்தார். மணவறைக்குப் பக்கத்தில் அம்மாவுக்கென்று போட்ட பலகை காலியாக இருந்தது. தனம் அழுது அழுது மை கரைந்து உட்கார்ந்திருந்தாள். நாகம்மா கைம்பெண் என்பதால் பின்னால் தூண் ஓரமாக நின்றிருந்தாள்.

"மாப்பிள்ள வீட்டு சுமங்கலி யாராவது வந்து வாங்குங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"சம்மந்தி அழைச்ச விருந்தாளி. அவங்கதான் வாங்கணும்" என்றேன். அந்தக் குரலில் நான் பேசினால் என் கடையில் எவரும் எதிர்த்துப் பேசுவதில்லை, அங்கேயும் பேசவில்லை. நாகம்மா தூணை விட்டு முன்னால் வந்தாள். சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கழுத்து வரை இருந்தது. வாங்கிப் பலகையில் வைத்தாள். அப்புறம்தான் என் கைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

"கெட்டிமேளம்!" என்றார் ஐயர். கோதண்டம் தாலியைத் தனத்தின் கழுத்தில் வைத்தான். அதே நொடியில் வெளியே துணி விழுந்திருக்க வேண்டும். ஊரே ஒரு குரலாக எழுப்பிய ஆரவாரத்தில் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. உள்ளே மேளச் சத்தமே கேட்கவில்லை. வெடி, விசில், கைதட்டல் எல்லாம் ஒன்றாகக் கலந்து, நின்றபாடில்லை. எந்தக் கட்சி ஜெயித்தது என்று பார்க்கத் தம்பிகூட எட்டிப் பார்த்தான். நான் நகரவில்லை. நாகம்மா என் தோளைப் பற்றிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா சம்மந்தியம்மா?" என்றாள். கண்ணீர் கழுத்து வரை வழிந்தது, அவள் துடைக்கவில்லை. "எங்கல்யாணத்துக்கு வரல. எம்புள்ள கல்யாணத்துக்கு வந்துட்டா. அவளப் பாத்துட்டு ஊரே எப்டிக் கொரல் குடுக்குது பாரு!"

"ஆமா சம்மந்தி" என்றேன். "அம்மாவைப் பார்த்துட்டுத்தான்."